பக்கத்துல என்ன மரம் நிக்குது? சந்தன மர முதலீட்டில் யாரும் கேட்காத கேள்வி



"அண்ணா, 5 லட்சம் போட்டா 15 வருஷத்துல 1 கோடி. சந்தன மரம். போடலாமா?"

நம்ம சேனல் பார்க்கிற ஒரு தம்பி அனுப்பிய மெசேஜ் இது. வயசு 27. சென்னையில் வேலை, கைக்கு வர்ற சம்பளம் 42,000. சொந்த ஊர் புதுக்கோட்டை மாவட்டம், ஆவுடையார்கோவில் பக்கம். ஒரு கம்பெனி சென்ட் கணக்கில் நிலத்தைப் பிரிச்சு, அதில் சந்தனக் கன்று நட்டு, "பராமரிப்பு எங்க பொறுப்பு, மரம் உங்க பேர்ல" என்று விற்கிறது. கையில் காசு இல்லை. பர்சனல் லோன் எடுக்கலாம் என்று முடிவு பண்ணிட்டார்.

5 லட்சம், 13% வட்டி, 5 வருஷம் என்றால் இ.எம்.ஐ. மாதம் சுமார் 11,400 ரூபாய். சம்பளத்தில் கால் பங்குக்கும் மேல்.

நான் கேட்ட முதல் கேள்வி, "தம்பி, அந்தச் சந்தன மரத்துக்குப் பக்கத்துல என்ன மரம் நடறாங்க?"

"அது எதுக்குண்ணா?"

அந்த "எதுக்கு"க்குப் பதில்தான் இந்தக் கட்டுரை. சந்தன மரத்தில் உங்க ரிட்டர்னைத் தீர்மானிப்பதில் பெரிய பங்கு அதன் பக்கத்தில் நிற்கிற மரத்துக்கு இருக்கு. அது எந்த விளம்பர நோட்டீஸிலும் இருக்காது.

ஒரே நாளில் நட்ட ரெண்டு வரிசை

பொங்கல் லீவில் அந்தத் தம்பியோட ஊருக்குப் போனேன். அவரோட சித்தப்பா மூணு வருஷம் முன்னாடி புஞ்சையில் கொஞ்சம் சந்தனக் கன்று வெச்சிருந்தார். ஒரே நர்சரி, ஒரே நாள் நடவு, ஒரே ஆள் தண்ணி ஊத்தியது.

கிழக்குப் பக்கத்து வரிசை என் தலைக்கு மேல நின்னுச்சு. இலை கரும்பச்சை. மேற்குப் பக்கத்து வரிசை இடுப்பு உயரம்கூட இல்லை. இலையெல்லாம் மஞ்சள்.

"உரம் மாத்திப் போட்டீங்களா சித்தப்பா?"

"இல்ல தம்பி. அந்தப் பக்கம் வரப்போரமா அகத்தியும் துவரையும் கெடந்துச்சு, வெட்டாம விட்டுட்டேன். இந்தப் பக்கம் வேலிக்கு அப்பால தைலமரம். வேற வித்தியாசம் ஒண்ணுமில்ல."

அந்த "வேற ஒண்ணுமில்ல" தான் பெரிய வித்தியாசம். தைலமரம் தண்ணிக்குப் போட்டி போடும், சாயங்கால வெயிலை மறைக்கும், அதெல்லாமும் உண்டு. ஆனா சந்தனத்தைப் பொறுத்தவரை இன்னொரு முக்கியமான காரணமும் இருக்கு.

சந்தனம் ஒரு ஒட்டுண்ணி

ஆமா, நம்ம சந்தன மரம் ஒரு ஒட்டுண்ணி. மாமரக் கிளையில் புல்லுருவி ஒட்டிக்கிட்டு இருப்பதைப் பார்த்திருப்பீங்க. சந்தனம் அதே வேலையை மண்ணுக்கு அடியில், யாருக்கும் தெரியாம செய்யுது.

சந்தனத்தின் வேர் பக்கத்து மரத்தின் வேரைத் தொட்டதும், அந்த இடத்தில் சின்னக் குமிழ் மாதிரி ஒரு உறுப்பு உருவாகும். இதுக்குப் பேர் உறிஞ்சு உறுப்பு, ஆங்கிலத்தில் ஹாஸ்டோரியம். இது அந்த வேரைக் கவ்விப் பிடிச்சு, உள்ளே நுழைஞ்சு, தண்ணீரையும் சத்துகளையும் இழுத்துக்கும். பச்சை இலை இருப்பதால் மாவுச்சத்தைப் பெரும்பாலும் தானே தயாரிச்சுக்கும். அதனால இதை "பகுதி ஒட்டுண்ணி" என்று சொல்றாங்க. சமையல் அதன் சொந்த வீட்டில், தண்ணியும் மளிகையும் பக்கத்து வீட்டில் என்று வெச்சுக்கலாம்.

இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. கல்கத்தா தாவரவியல் பூங்காவில் இருந்த ஜான் ஸ்காட் 1871-லேயே இதை எழுதிட்டார். 1906, 1907 வாக்கில் சென்னை மாகாண அரசின் தாவரவியலாளர் சி.ஏ. பார்பர் சந்தன வேரின் உறிஞ்சு உறுப்பை விரிவா ஆராய்ச்சி பண்ணி வெளியிட்டார். பின்னாடி கோயம்புத்தூரில் கரும்பு ஆராய்ச்சியைத் தொடங்கி வெச்ச அதே பார்பர்தான். நூறு வருஷத்துக்கு மேல தெரிஞ்ச விஷயம் நமக்கு வர்ற வாட்ஸ்அப் நோட்டீஸில் இல்லை!

சந்தனம் ஒட்டிக்கிற செடி, மரம் எல்லாத்தையும் "ஓம்புயிர்" அல்லது சுருக்கமா "துணை மரம்" என்று சொல்லலாம். 300-க்கும் மேற்பட்ட தாவர இனங்களில் சந்தனம் ஒட்டும் என்று பதிவு இருக்கு. புல்லில்கூட ஒட்டும். ஆனா ஒட்டுவது வேற, அதில் இருந்து வாழ்வது வேற.

துணை மரம் மாறினா என்ன மாறும்?

மேற்கு ஆஸ்திரேலியாவில் நம்ம இந்தியச் சந்தனத்தைப் பெரிய அளவில் பயிர் பண்றாங்க. அங்கே ரடோமில்ஜாக், மெக்கோம்ப், பேட் என்ற ஆராய்ச்சியாளர்கள் 1990களின் கடைசியில் ஒரு பரிசோதனை பண்ணாங்க. ஒரு பக்கம் பயறு வகைக் குடும்பத்து மரங்கள்: நம்ம அகத்திக்கு நெருங்கிய சொந்தமான ஒரு மரம், கூடவே ரெண்டு வகை அகேசியா. இன்னொரு பக்கம் யூகலிப்டஸ், அதாவது தைலமரம். எல்லாத்துக்கும் பக்கத்தில் சந்தனக் கன்று.

பயறு வகை மரங்களோட இருந்த சந்தனம் நல்லா வளர்ந்தது. தைலமரத்தோட இருந்தது ரொம்பப் பின்தங்கிடுச்சு. துணையே இல்லாத கன்றின் நிலைமைக்குப் பக்கத்தில்தான் அது இருந்தது.

காரணம் என்ன? மூணு விஷயம்.

முதலாவது, தழைச்சத்து. அகத்தி, துவரை, புங்கன், அகேசியா மாதிரி மரங்களின் வேர் முடிச்சில் இருக்கும் பாக்டீரியா காற்றில் இருக்கும் நைட்ரஜனைப் பிடிச்சுக் கொடுக்கும். அந்தச் சத்து சந்தனத்துக்கும் போகுது. சவுக்கு பயறு வகை இல்லை, ஆனா அதன் வேரிலும் இதே வேலையைச் செய்யும் நுண்ணுயிர் இருக்கு. தைலமரத்துக்கு இந்த வசதி இல்லை.

ரெண்டாவது, இலை. தழைச்சத்து வந்தா பச்சையம் கூடும், பச்சையம் கூடினா ஒளிச்சேர்க்கை கூடும், மரம் பருக்கும். மஞ்சள் இலையோட இருக்கும் சந்தனம் உயிரோட இருக்கும், ஆனா சம்பாதிக்காது.

மூணாவது, தண்ணீர். சந்தனம் இலை வழியா நிறைய நீரை வெளியே விட்டு, அந்த இழுப்பில் துணை மரத்தின் நீரைத் தன் பக்கம் இழுக்கும். அப்போ துணை மரத்தின் வேர் ஆழமா போயிருந்தா, கோடையிலும் சந்தனத்துக்குத் தண்ணி உண்டு.

இதில் ஒரு சிக்கல். சந்தனம் இழுக்க இழுக்க, துணை மரம் மெலியும். சில சமயம் செத்தே போகும். அதனால ஒரே துணை போதாது. வயசுக்கு ஏத்த மாதிரி மாத்திக்கிட்டே வரணும்.

- நர்சரிப் பையில்: பொன்னாங்கண்ணி மாதிரி சின்னச் செடி. ரொம்ப மண்டினா கன்றை மூடிடும், அப்பப்போ கிள்ளி விடணும்.
- நட்ட முதல் சில வருஷம்: துவரை, அகத்தி.
- நீண்ட காலத்துக்கு: சவுக்கு, புங்கன், அகேசியா மாதிரி கெட்டியான மரம்.

நட்ட அன்னைக்கு மட்டும் இல்லாம, இருபது வருஷமும் யாராவது இந்தத் துணைகளைப் பார்த்துக்கணும். செத்தா மாத்தணும், நிழல் அடிச்சா கவாத்து பண்ணணும். பராமரிப்பு என்றால் வேலியும் சொட்டுநீரும் மட்டும் இல்லை.

நம்ம ஊர்க் கணக்கு

புதுக்கோட்டை மாவட்டத்தில் தைலமரக் காடு எவ்வளவு என்று அந்தப் பக்கம் பஸ்ஸில் போனவங்களுக்குத் தெரியும். அதை ஒட்டின நிலம் குறைஞ்ச விலைக்கு வருது என்று வாங்கி "சந்தனத் தோட்டம்" போட்டா, சித்தப்பாவோட மேற்கு வரிசைதான் கிடைக்கும்.

ஆவுடையார்கோவில் பக்கம் இன்னொரு விஷயமும் இருக்கு. கடைமடைப் பகுதி. கண்மாய்க்குக் கீழே நெல்லு விளையுற தாழ்வான வயலில் மழைக்காலத்துல தண்ணி தேங்கும். சந்தனத்துக்கு வேரில் தண்ணி நின்னா ஆகாது. மேட்டுப் புஞ்சை, வடிகால் உள்ள செம்மண் என்றால் பரவாயில்லை. "எங்க அப்பாவுக்கு ஊர்ல நிலம் இருக்கு, அதுல வெச்சுடலாம்" என்று நினைக்கிற நண்பர்கள், அது நஞ்சையா புஞ்சையா என்று முதலில் பாருங்க.

இப்போ காசுக் கணக்குக்கு வருவோம்

சந்தனத்தில் விலை போவது நடுவில் இருக்கும் வைரப் பகுதிதான். வாசனையும் எண்ணெயும் அங்கேதான் இருக்கு. வெளியே இருக்கும் வெள்ளைக் கட்டையில் வாசனை கிட்டத்தட்ட இல்லை. மரம் நட்டு பத்து வருஷம் போல ஆன பிறகுதான் வைரம் நல்லா பாயத் தொடங்கும். 25, 30 வருஷம் ஆன மரத்துக்குத்தான் மதிப்பு அதிகம். வேகமா வளர்ந்த மரம் எல்லாத்திலும் அதே அளவு வைரம் இருக்கும் என்றும் சொல்ல முடியாது. மண், விதை, வயசு எல்லாம் சேர்ந்ததுதான்.

அந்த நோட்டீஸ் கணக்கை எடுத்துக்கலாம். 5 லட்சம் போடறீங்க.

- 15 வருஷத்தில் 1 கோடி வந்தா: ஆண்டுக்குச் சுமார் 22%
- அதே 1 கோடி 25 வருஷத்தில் வந்தா: சுமார் 12.7%
- வைரம் பாதி, 25 வருஷத்தில் 50 லட்சம்: சுமார் 9.6%
- வைரம் கால் பங்கு, 25 வருஷத்தில் 25 லட்சம்: சுமார் 6.6%

கவனிச்சீங்களா? மரம் சாகவே இல்லை. திருடு போகவே இல்லை. துணை மரம் சரியில்லாம வளர்ச்சி மந்தமாச்சு, அவ்வளவுதான். 22% சொல்லித் தொடங்கினது எஃப்.டி. வட்டிக்கு வந்து நிக்குது. இதில் பராமரிப்புக் கட்டணம், லோன் வட்டி எதையும் நான் சேர்க்கலை. 13% வட்டிக்குக் கடன் வாங்கி 6.6%-ல் போடறது எப்படி இருக்கும் என்று நீங்களே யோசிங்க.

இன்னொண்ணு, 6% விலைவாசி உயர்வை வெச்சுப் பார்த்தா, 25 வருஷம் கழிச்சு வர்ற 1 கோடியின் இன்றைய மதிப்பு சுமார் 23 லட்சம்தான்.

"ஏக்கருக்கு 450 மரம்!"

10 அடிக்கு 10 அடி இடைவெளியில் ஒரு ஏக்கர் முழுக்க நட்டா கிட்டத்தட்ட 435 மரம் வரும். நோட்டீஸில் 450 சந்தனம் என்று போட்டிருந்தா, நீங்க கேட்க வேண்டியது, "அப்போ துணை மரத்துக்கு இடம் எங்கே?"

சந்தனம் பக்கத்து சந்தனத்தின் வேரிலும் ஒட்டும். ஆனா ரெண்டு பேருமே கடன் கேட்கிறவங்க என்றால், யார் யாருக்குக் கொடுப்பாங்க? மரத்தின் எண்ணிக்கையைக் கூட்டிக் காட்டினா உங்களுக்கு விற்பது ஈஸி. வளர்ச்சிக்கு அது உதவாது.

வெட்டினாலும் உடனே காசு இல்லை

முன்னாடி நம்ம நிலத்தில் சந்தனம் முளைச்சாலும் நமக்கு முழு உரிமை இல்லை. தமிழ்நாட்டில் 2002-ல் சட்டம் திருத்தி நில உரிமையாளருக்கே மரம் சொந்தம் என்று ஆச்சு. 2008-ல் பட்டா நிலத்துச் சந்தனத்துக்குத் தனி விதிகள் வந்தது. ஆனா இன்னைக்கும் வெட்ட வனத்துறை அனுமதி வேணும். நினைச்ச ஆளுக்கு லாரியில் ஏத்தி அனுப்ப முடியாது. அப்பா வீட்டு நிலத்தில் நட்டாலும் வி.ஏ.ஓ. கிட்டே சொல்லி அடங்கலில் மரத்தை ஏத்தி வைங்க.

அதோட திருட்டு. வைரம் பாய்ஞ்ச பிறகுதான் மரத்துக்கு மதிப்பு, அப்போதான் திருடனுக்கும் ஆசை. கடைசிப் பத்து வருஷக் காவலுக்கு யார் செலவு பண்றாங்க என்று ஒப்பந்தத்தில் இருக்கணும்.

இது முன்னாடியே நடந்த கதை

மர முதலீடு நமக்குப் புதுசு இல்லை. 1990களில் சென்னையில் இருந்து அனுபவ் பிளான்டேஷன்ஸ் என்ற கம்பெனி தேக்கு மர யூனிட் விற்று நாடு முழுக்கப் பணம் திரட்டியது. 1998-ல் அது சரிஞ்சது. உங்க வீட்டுப் பெரியவங்க கிட்டே "தேக்கு மர ஸ்கீம்" என்று சொல்லிப் பாருங்க, முகம் மாறும். இந்த மாதிரி பொதுமக்கள் பணத்தைச் சேர்த்து ஒருத்தர் நிர்வாகம் பண்ற திட்டங்களுக்கு செபி 1999-ல் விதிமுறை கொண்டு வந்தது.

சந்தனத்திலேயே உதாரணம் வேணுமா? ஆஸ்திரேலியாவின் குனனர்ரா பகுதியில் டி.எஃப்.எஸ். என்ற கம்பெனி இந்தியச் சந்தனத்தைப் பெரிய அளவில் நட்டு, முதலீட்டாளர்களுக்கு விற்றது. பாசன வசதி, ஆராய்ச்சி, துணை மரம் எல்லாம் வெச்சிருந்தாங்க. 2017-ல் குவின்டிஸ் என்று பேர் மாத்தினாங்க. அதே வருஷம் ஷேர் விலை சரிஞ்சது. 2018 ஜனவரியில் நிர்வாகம் வெளியாட்கள் கைக்குப் போச்சு. மரம் நின்னுக்கிட்டுத்தான் இருந்தது, கம்பெனிதான் நிக்கலை. 25 வருஷ மரத்தை 25 வருஷம் தாங்காத கம்பெனி விற்றா, அந்த ரிஸ்க் உங்களோடது.

ஆவுடையார்கோவிலுக்குப் போயிட்டு இந்தக் கதையைச் சொல்லாம வர முடியாது. பழைய பேர் திருப்பெருந்துறை. பாண்டிய மன்னன் குதிரை வாங்கக் கொடுத்து அனுப்பிய பணத்தை மாணிக்கவாசகர் இங்கே கோயில் திருப்பணிக்குச் செலவழிச்சிட்டார். ராஜா கேட்டப்போ, சிவபெருமான் காட்டு நரிகளைக் குதிரையாக்கி ஓட்டிக்கிட்டு வந்தார். ராத்திரி அதெல்லாம் திரும்ப நரியாகி ஓடிப்போச்சு. அது இறைவனின் திருவிளையாடல், அடியாருக்காக நடந்தது. நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. நம்ம கிட்டே பகலில் காட்டுற குதிரை ராத்திரி என்ன ஆகும் என்று நாமதான் விசாரிக்கணும்.

கையெழுத்துக்கு முன்னாடி 7 கேள்வி

1. நர்சரியில், முதல் ஐந்து வருஷத்தில், அதுக்கு அப்புறம், ஒவ்வொரு கட்டத்திலும் துணைச் செடி என்ன?
2. ஏக்கருக்குச் சந்தனம் எத்தனை, துணை மரம் எத்தனை?
3. துணை மரம் செத்தா யார் செலவில் மாத்துவாங்க?
4. பக்கத்து நிலத்தில் என்ன இருக்கு? தைலமரமா?
5. மண் என்ன, மழைக்குத் தண்ணி தேங்குதா?
6. இதே கம்பெனி நட்ட, 10 வருஷத்துக்கு மேல் ஆன தோட்டத்தை நேரில் காட்டுவாங்களா?
7. செபியில் பதிவு உண்டா? பத்திரம் யார் பேரில்? கம்பெனி மூடினா பராமரிப்பு யாரோடது?

முதல் கேள்விக்கே "அதெல்லாம் எங்க டீம் பார்த்துக்கும் சார்" என்று பதில் வந்தா, வணக்கம் சொல்லிட்டு வந்துடுங்க.

தம்பி என்ன பண்ணார்?

இந்த ஏழு கேள்வியையும் அந்தக் கம்பெனி ஆளுக்கு அனுப்பினார். ரெண்டாவது நாள் பதிலுக்குப் பதில் "ஆஃபர் இன்னைக்கு முடியுது" என்று மெசேஜ் வந்தது. லோன் எடுக்கலை.

ஆனா ஆசையை விடலை, அதுவும் நல்லதுதான். போனஸில் 15,000 ரூபாய் எடுத்து, அப்பாவோட மேட்டுப் புஞ்சையில் 20 சந்தனக் கன்று மட்டும் வெச்சார். கூடவே துவரை, அகத்தி, நடுநடுவே சவுக்கு. முழுசா போனாலும் தூக்கம் கெடாத தொகை. மாதம் 5,000 எமர்ஜென்சி ஃபண்டுக்கு, 5,000 எஸ்.ஐ.பி.க்கு என்று ஆரம்பிச்சிருக்கார்.

அவர்கிட்டே நான் சொன்னதையே உங்களுக்கும் சொல்றேன். 25 வயசுல நம்ம முதலீடு எல்லாமே ஒட்டுண்ணிதான். அதுக்குச் சொந்த வேர் பலம் இன்னும் வரலை. சம்பளம் என்கிற துணை மரத்தில் இருந்துதான் தண்ணி குடிக்குது. அந்த மரத்தைக் கால் பங்கு இ.எம்.ஐ. போட்டு உறிஞ்சிட்டா, முதலில் சம்பளம் வாடும். அப்புறம் வேலை போற ஒரு மாசத்துல முதலீடும் வாடும். உங்க வேலைத்திறன், உடம்பு, மெடிக்கல் இன்ஷூரன்ஸ், ஆறு மாசச் செலவுக்குக் காசு, இதெல்லாம் முதலில். துணை மரம் பசுமையா இருந்தாத்தான் சந்தனத்துல வைரம் பாயும்.

போன வாரம் அவரோட அப்பா போனில் பேசினார். "தம்பி, சந்தனம் எப்ப காசாகுமோ தெரியல. துவரை காய்ச்சிருச்சு. இந்த வருஷம் சாம்பாருக்கு வெளியில வாங்கல."

முதல் ரிட்டர்ன் வந்தாச்சு!

உங்க வீட்டிலோ தெரிஞ்சவங்களோ மர முதலீட்டில் பணம் போட்டிருந்தா, அனுபவத்தை கமென்ட்டில் சொல்லுங்க. அந்த ஏழு கேள்வியையும் வீடியோவிலும் விளக்கி இருக்கேன். யாராவது "15 வருஷத்துல 1 கோடி" என்று உங்களுக்கு அனுப்பினா, பதிலுக்கு இதை அனுப்புங்க.

(இது பொதுவான விழிப்புணர்வுக்கான கட்டுரை. எந்தத் திட்டத்தையும் வாங்கச் சொல்லியோ விற்கச் சொல்லியோ இல்லை. பணம் போடும் முன்னாடி பத்திரத்தை வக்கீலிடமும், நிலத்தை விவரம் தெரிஞ்ச விவசாயியிடமும் காட்டிடுங்க.)